பழைய மடிக்கணினியின் அலெக்ரோ ஒலிச் சில்லுக்கு டிரைவர்: எல்லாம் ஓடுகிறது, சத்தம் மட்டும் வரவில்லை

பழம்பெட்டி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஓய்வு நேரத்தில் நான் எழுதிவரும் ஒரு சிறிய கெர்னலுக்கு (இயங்குதளத்தின் மையப் பகுதி) ஒலி வசதி சேர்க்கும் வேலையில் சில மாதங்களாக இறங்கியிருக்கிறேன். முதலில் இன்டெலின் ஐசிஎச் வரிசைச் சில்லுகளில் உள்ள ஏசி 97 (கணினி ஒலிக்கான ஒரு தரநிலை) பகுதிக்கு டிரைவர், அதாவது வன்பொருளை ஓட்டும் நிரல், எழுதினேன். அதற்கான முழு ஆவணத்தையும் இன்டெலே வெளியிட்டிருக்கிறது. ஒரு கணினியையே மென்பொருளாக நடித்துக்காட்டும் கியூஎம்யூ அதே சில்லைப் போலச் செய்துகாட்டுகிறது. ஆகவே 32 இடங்கள் கொண்ட பஃபர் (ஒலித் தரவு காத்திருக்கும் நினைவகத் துண்டு) பட்டியலை நிரப்பி, கடைசி இடம் எது என்பதைச் சொல்லி, ஓடு என்று ஒரு பிட்டை ஏற்றியதும் இரண்டே வாரத்தில் பாட்டுக் கேட்டுவிட்டேன். அந்தத் துணிச்சலில்தான் அடுத்த அடி எடுத்து வைத்தேன்.

இப்போது கையில் இருப்பது 2001-ஐ ஒட்டி வந்த ஒரு மடிக்கணினி. நினைவகம் 512 எம்பி. உள்ளே இருப்பது ஈஎஸ்எஸ் நிறுவனத்தின் அலெக்ரோ ஒலிச் சில்லு. பிசிஐ (சாதனங்களைக் கணினியோடு இணைக்கும் பாட்டை) அடையாளம் 125டி, 1988. ரெஜிஸ்டர் (சில்லுக்குள் இருக்கும் சிறு நினைவிடம்) எண்களையும் முகவரிகளையும் அடையாள எண்களையும் இங்கே ஹெக்ஸ் (பதினாறடிமான) முறையிலேயே தருகிறேன். இதற்கு ஐசிஎச் போல ஆவணம் எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. லினக்ஸின் மேஸ்ட்ரோ 3 டிரைவரையும் (அலெக்ரோவையும் அதுவே ஓட்டுகிறது) நெட்பிஎஸ்டி இயங்குதளத்தின் ஈசா டிரைவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்துப் படித்துத்தான் எழுதினேன். சில்லுக்குள் இருக்கும் டிஎஸ்பிக்கு (ஒலிக் கணக்குகளைச் செய்யும் சிறு செயலி) இரண்டு நிரல் துண்டுகளை ஏற்ற வேண்டும் என்பதும், ஒன்று அடிப்படை நிரல், மற்றொன்று மாதிரி வீதத்தை மாற்றித் தரும் சிறு நிரல் என்பதும், இரண்டாவதை நிரல் நினைவகத்தின் 400-ஆவது முகவரியிலிருந்து எழுத வேண்டும் என்பதும் அப்படித் தெரிந்துகொண்டவை.

இதுவரை ஆனவை: இரண்டு துண்டுகளும் ஏறிவிட்டன. இன்டரப்ட் (சில்லு கெர்னலைக் கூப்பிடும் குறிப்பு) ஒழுங்காக வருகிறது. எண்களை ஒலி அலையாக மாற்றும் தனிச் சில்லான கோடெக்கின் 7சி, 7ஈ ரெஜிஸ்டர்களைப் படித்தால் 8384, 7609 என்று வருகிறது. அது சிக்மாடெல் எஸ்டிஏசி 9721 வகை. முதன்மை ஒலியளவான 02-இல் 0000 எழுதி ஊமைப் பிட்டை நீக்கிவிட்டேன். பிசிஎம் (எண் வடிவ ஒலி) ஒலியளவான 18-இல் 0808 எழுதிவிட்டேன். 26-ஆம் ரெஜிஸ்டரின் 15-ஆம் பிட் வெளி ஆம்ப்ளிஃபயரை அணைக்கும் என்று ஏசி 97 விவரக்குறிப்பில் படித்ததால் அதையும் பார்த்தேன். அது 0-ஆகவே இருக்கிறது. ஆனாலும் ஒலிபெருக்கியில் மூச்சு விடும் சத்தம்கூட இல்லை. ஹெட்போன் செருகினாலும் அதே அமைதிதான். இதே கணினியில் லினக்ஸ் நேரடி வட்டைப் போட்டால் இரண்டிலும் நன்றாகக் கேட்கிறது. ஆகவே கணினியைக் குறை சொல்ல வழியில்லை.

இன்னொரு தொல்லையும் உண்டு. மூன்று முறை துவக்கினால் ஒரு முறை கோடெக் அடையாளமே வராமல், படிப்பதெல்லாம் எல்லாப் பிட்டும் 1-ஆகவே வருகின்றன.

டிஎம்ஏ (சில்லு தானே நினைவகத்தைப் படிக்கும் முறை) பகுதியில்தான் பிழை இருக்கும் என்று எண்ணி மூன்று வாரமாக அதையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எங்கே தேட வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டும். என் கெர்னல் எம்ஐடி என்ற தளர்வான உரிமத்தில் இருப்பதால், வழிவந்த நிரலையும் அதே உரிமத்தில் தரக் கோரும் ஜிபிஎல் உரிமமுள்ள டிரைவரைப் படித்து எழுதியதில் சிக்கல் உண்டா என்பதையும் கேட்டு வைக்கிறேன்.

---

கெர்னல்கிறுக்கன் எழுதியது:

நல்ல கேள்வி, தேவையான விவரங்களுடன் கேட்டிருக்கிறீர்கள். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: உங்கள் டிஎம்ஏ பகுதியில் பிழை இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், ஆனால் இந்த அமைதிக்கு அது காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. டிஎம்ஏ தவறாக ஓடும்போது பெரும்பாலும் கரகரப்போ, ஒரே துண்டு திரும்பத் திரும்ப வருவதோ, காதைக் கிழிக்கும் இரைச்சலோதான் கேட்கும். முழு அமைதி என்பது வேறு இனம்.

அதை ஊகமாக விடாமல் உறுதி செய்ய வழி இருக்கிறது. டிஎஸ்பி தன் தரவு நினைவகத்தில் இப்போது எந்த முகவரியைப் படித்துக்கொண்டிருக்கிறது என்பதைக் குறித்துக்கொண்டே போகும். 80, 82, 84 ஆகிய மூன்று வாசல்கள் (சில்லோடு பேசுவதற்கான முகவரிகள்) வழியாக அந்த நினைவகத்தை நீங்கள் படிக்கலாம். நிரல் துண்டை ஏற்றியதும் இதே வாசல்கள் வழியாகத்தான் என்பதால் அதற்கான குறியீடு உங்களிடம் ஏற்கெனவே இருக்கும். அந்த நடப்பு முகவரி பஃபரின் தொடக்கத்திலிருந்து நகர்ந்து, கடைசிக்குப் போய், மீண்டும் தொடக்கத்துக்குத் திரும்புகிறது என்றால் டிஎஸ்பி உயிரோடு இருக்கிறது, மாதிரிகளை எடுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். கோடெக் அடையாளம் சரியாக வருவதால் சில்லுக்கும் கோடெக்குக்கும் இடையிலுள்ள ஐந்து கம்பிகளும் வேலை செய்கின்றன. அந்த இணைப்பில் 12.288 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தில் 256 பிட் சட்டங்கள் வினாடிக்கு 48,000 போய்க்கொண்டே இருக்கும். அது நின்றிருந்தால் 8384 என்ற எண்ணையே நீங்கள் பார்த்திருக்க முடியாது.

ஆக மிச்சம் இருப்பது கோடெக்கின் வெளிவாசலுக்கும் ஒலிபெருக்கிக்கும் நடுவிலுள்ள இரண்டு அங்குலப் பலகை. அங்கேதான் ஆம்ப்ளிஃபயர் இருக்கிறது. நீங்கள் 26-ஆம் ரெஜிஸ்டரைப் பார்த்தது சரிதான்; ஆனால் அந்தப் பிட் கோடெக்கின் ஒரு முள்ளை (இணைப்புக் காலை) மட்டுமே அசைக்கும். ஆம்ப்ளிஃபயரை அந்த முள்ளோடுதான் இணைக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அலெக்ரோ, மேஸ்ட்ரோ 3 சில்லுகள் உள்ள மடிக்கணினிகளில் பல உற்பத்தியாளர்கள் ஆம்ப்ளிஃபயரின் உறக்க முள்ளைச் சில்லின் ஜிபிஐஓ (பொதுப் பயன்பாட்டு) முட்களில் ஒன்றோடு இணைத்துவிட்டார்கள். எந்த முள் என்பதைச் சில்லு தயாரித்தவர் சொல்ல முடியாது. பலகையை வரைந்தவருக்குத்தான் தெரியும்.

லினக்ஸ் டிரைவரில் இதற்கு இரண்டு இயல்பு மதிப்புகள் இருக்கின்றன: மேஸ்ட்ரோ 3 என்றால் முள் 1, அலெக்ரோ என்றால் முள் 8. நீங்கள் 8-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதே கோப்பில் சற்றுக் கீழே ஒரு சிறிய அட்டவணை இருப்பதைக் கவனித்தீர்களா? காம்பாக் ஈவோ என்600சி என்றால் முள் 12. பானசோனிக் சிஎஃப் 28, சிஎஃப் 72 என்றால் 13. என்இசியின் ஒரு மாடலுக்கும் லெஜண்டின் ஒரு மாடலுக்கும் 3. பிசிஐ சாதனத்தின் துணை அடையாள எண்ணை வைத்து எந்தக் கணினி என்று டிரைவர் கண்டுபிடித்துக்கொள்கிறது. அட்டவணையில் இல்லாத கணினி வைத்திருப்பவர்களுக்காக 0 முதல் 15 வரை எந்த எண்ணையும் கையால் தரும் விருப்பமும் உண்டு. இந்த ஐந்தாறு வரிகளின் பின்னால், எங்கோ ஒருவர் தம் கணினியில் சத்தம் வராமல் பதினாறு எண்களையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து எழுதியனுப்பிய கதை இருக்கிறது. ஏறக்குறைய ஒவ்வொரு பழைய ஒலி டிரைவரிலும் இப்படி ஒரு மூலை இருக்கும். ஐசிஎச் டிரைவரிலும் உண்டு: ஏடி 1885 கோடெக் உள்ள ஒரு கணினிக்குக் கடிகாரம் 48,000 அல்ல 41,000 என்றும், அதே கோடெக் உள்ள இன்னொன்றுக்கு 44,100 என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். கியூஎம்யூவில் ஆம்ப்ளிஃபயரும் இல்லை, இந்த வேறுபாடுகளும் இல்லை. அதனால்தான் அங்கே உங்களுக்கு இரண்டு வாரத்தில் பாட்டு வந்தது.

செய்ய வேண்டியது இதுதான். உங்கள் கணினியில் லினக்ஸ் பேசுகிறது என்றீர்கள். அது பெரிய சொத்து. லினக்ஸில் ஒரு பாட்டை ஓடவிட்டு, ரூட்டாக (முழு அதிகாரமுள்ள பயனராக) இருந்து ஒரு சிறு சி நிரல் வழியாகச் சில்லின் அடிமுகவரியோடு 60, 64, 68 சேர்த்து அந்த மூன்று வாசல்களையும் 16 பிட்டாகப் படித்துக் குறித்துக்கொள்ளுங்கள். 60 என்பது முட்களின் நிலை, 64 என்பது மறைப்பு, 68 என்பது திசை. பிறகு உங்கள் கெர்னலில் அதே மூன்றையும் படியுங்கள். திசையில் எந்தப் பிட் அங்கே 1-ஆகவும் இங்கே 0-ஆகவும் இருக்கிறதோ, அதுதான் முதல் சந்தேகம்.

எழுதும்போது கவனிக்க வேண்டியது ஒன்று: மறைப்பு ரெஜிஸ்டர் நாம் நினைப்பதற்கு நேர்மாறானது. அதில் 0 உள்ள பிட்டுகள்தான் எழுதத் திறந்தவை. 1 உள்ளவை காக்கப்பட்டவை. ஆகவே வேண்டிய முள்ளின் பிட்டை மட்டும் 0-ஆக்கி, திசையில் அதை வெளிப்பக்கமாக்கி, நிலையில் 0 எழுதி, முடிந்ததும் மறைப்பை முழுவதும் 1-ஆக்கி மூடிவிடுங்கள். ஆம், ஆம்ப்ளிஃபயரை எழுப்புவதற்கு 0. தூங்க வைப்பதற்கு 1. அவசரப்பட்டு எல்லா முட்களையும் ஒரேயடியாகப் புரட்டாதீர்கள். கோடெக்கை மீட்டமைப்பதும் இதே வரிசையிலுள்ள ஒரு முள்தான். டெல் இன்ஸ்பிரான் 4000, 8000, 8100 ஆகிய மூன்றுக்கும் அகச்சிவப்பு வாசல் காரணமாக இந்த டிரைவரில் தனி விலக்கு எழுதியிருக்கிறார்கள். ஒலி டிரைவர் மீட்டமைப்பின்போது எல்லாக் கணினியிலும் ஏற்றும் ஒரு திசைப் பிட்டை அவற்றில் மட்டும் தொடக்கூடாது. ஒலிச் சில்லின் முள் ஒன்று அகச்சிவப்பு வரை போய் நிற்கும் என்று யார் எதிர்பார்ப்பார்கள்?

கோடெக் சில முறை எழாமல் போவதற்கும் விடை அதே கோப்பில் இருக்கிறது. மீட்டமைப்பில் இரண்டு காத்திருப்புகள் உண்டு. மேஸ்ட்ரோ 3-க்கு 20, 500 மில்லிவினாடி போதும். அலெக்ரோவுக்கு 50, 800. அதுவும் போதாமல், அடையாளம் வரவில்லை என்றால் முறையே 10, 100 மில்லிவினாடி கூட்டிக்கொண்டு ஐந்து முறை வரை முயல்கிறது. 800 மில்லிவினாடி என்பது கெர்னல் எழுதுபவருக்கு யுகம் போலத் தோன்றும், குறைக்கத் தோன்றும். குறைத்தால் மூன்றில் ஒரு முறை உங்களுக்கு நடப்பதுதான் நடக்கும்.

---

பற்றாசு எழுதியது:

மேலே சொன்னதோடு பலகைப் பக்கத்திலிருந்து கொஞ்சம் சேர்க்கிறேன். பழைய மடிக்கணினிகளைத் திறந்து பழுது பார்ப்பது என் பொழுதுபோக்கு.

ஹெட்போனிலும் சத்தம் வரவில்லை என்று நீங்கள் எழுதியதுதான் என் கண்ணில் முதலில் பட்டது. ஹெட்போனுக்கு ஆம்ப்ளிஃபயர் தேவையில்லை, ஆகவே அதிலும் வரவில்லை என்றால் பிழை அதற்கு முன்னால்தான் என்று பலர் எண்ணுவார்கள். அந்தக் காலத்து மடிக்கணினிகளில் பெரும்பாலும் அப்படி இல்லை. எடுத்துக்காட்டாக, எல்எம் 4863 என்ற நேஷனல் செமிகண்டக்டர் சில்லின் தரவுத்தாள் பொதுவில் கிடைக்கிறது, எடுத்துப் பாருங்கள். ஒரே சில்லு ஒலிபெருக்கி இரண்டையும் ஓட்டுகிறது. ஹெட்போன் செருகியதை உணர ஒரு முள் தனியே இருக்கிறது. செருகியதும் அதே சில்லு ஒலிபெருக்கிகளை நிறுத்திவிட்டு ஹெட்போனுக்கு ஊட்டுகிறது. உறக்க முள் உயர்ந்திருந்தால் இரண்டுமே ஊமை. உங்கள் கணினியிலுள்ளது இதே சில்லாக இல்லாமல் போகலாம், ஆனால் அமைப்பு இதைப் போன்றதாக இருந்தால் ஹெட்போன் அமைதிக்கும் ஒலிபெருக்கி அமைதிக்கும் காரணம் ஒன்றே.

ஆம்ப்ளிஃபயரை எழுப்ப 0 எழுத வேண்டும் என்று கெர்னல்கிறுக்கன் சொன்னது பலருக்கு விந்தையாக இருக்கும். அந்த முள்ளின் பெயரே உறக்கம் என்பதால், உயர்ந்தால் உறங்கும், தாழ்ந்தால் விழிக்கும். பலகை வரைபவர்கள் அதை ஒரு மின்தடை வழியாக உயர்நிலைக்கு இழுத்து வைப்பதும் உண்டு. மின்சாரம் வந்தவுடன் ஒலிபெருக்கி டப்பென்று அடிக்காமல் இருப்பதற்காக. யாரும் அந்த முள்ளைத் தொடாவிட்டால், அதாவது ஜிபிஐஓ திசை உள்பக்கமாகவே இருந்துவிட்டால், ஆம்ப்ளிஃபயர் கடைசிவரை தூங்கிக்கொண்டேதான் இருக்கும். உங்கள் கெர்னலில் நடப்பது இதுவாகத்தான் இருக்கும் என்று பந்தயம் கட்டுவேன்.

டிஎம்ஏ, டிஎஸ்பி எதையும் நம்பாமல் ஆம்ப்ளிஃபயரை மட்டும் தனியாகச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஏசி 97 கோடெக்குகளில் கணினியின் பழைய பீப் ஒலிக்கென்று ஓர் உள்வாசல் இருக்கிறது. 0ஏ ரெஜிஸ்டரின் 15-ஆம் பிட்டை நீக்கினால் அது திறக்கும். பிறகு டைமரின் இரண்டாம் தடத்துக்கு 42-ஆம் வாசல் வழியாக ஓர் எண்ணைக் கொடுத்து, 61-ஆம் வாசலின் கீழிரண்டு பிட்டுகளை ஏற்றுங்கள். பீப் ஒலி கோடெக் வழியாக ஆம்ப்ளிஃபயருக்குப் போகும்படி உங்கள் பலகை இருந்தால், ஜிபிஐஓ முள்ளை மாற்றிய அந்தக் கணமே பீப் கேட்கும். நான்கே வரி நிரல். டிஎஸ்பி பக்கம் போகவே வேண்டாம். லினக்ஸில் ஒலி டிரைவர் ஏறிய பின் பீப் கேட்டு, உங்கள் கெர்னலில் கேட்கவில்லை என்றால், மூன்று வாரமாக நீங்கள் தேடியது தவறான அறையில்.

கணினியைத் திறக்கத் தயங்காதவராக இருந்தால், ஒலிபெருக்கிக் கம்பிகள் போய்ச் சேரும் சிறிய சில்லைக் கண்டுபிடித்து, அதன் மேலுள்ள எண்ணை வைத்துத் தரவுத்தாளை எடுத்து, உறக்க முள்ளில் மல்டிமீட்டரை வைத்துக்கொண்டே பிட்டுகளை மாற்றலாம். முனை வழுக்கிப் பக்கத்து முள்ளோடு ஒட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தச் சில்லுகளின் கால்கள் நெல்லுமணியைவிட மெல்லியவை.

---

நூலகர் எழுதியது:

உரிமம் பற்றிய கேள்விக்கு என் புரிதலைச் சொல்கிறேன். நான் வழக்கறிஞன் அல்லன்.

எந்த முள் எதற்கு, எத்தனை மில்லிவினாடி காத்திருக்க வேண்டும், 60-ஆம் வாசல் என்ன செய்யும் என்பவை வன்பொருளைப் பற்றிய உண்மைகள். அவற்றைப் படித்துத் தெரிந்துகொண்டு உங்கள் சொற்களில் எழுதுவதும், ஒருவர் எழுதிய கோப்பை அவர் வைத்த பெயர்களோடும் வரிசையோடும் எடுத்து ஒட்டுவதும் வேறு வேறு. இரண்டாவதைச் செய்தால் உங்கள் கோப்பு ஜிபிஎல் உரிமத்துக்குள் போய்விடும். இந்தச் சில்லிலேயே இதற்கு முன்னுதாரணம் இருக்கிறது: ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தில் மேஸ்ட்ரோ 3 டிரைவர் பயன்படுத்திய ரெஜிஸ்டர் தலைப்புக் கோப்பு ஜிபிஎல் உரிமத்தில் இருந்ததால், அதைத் தனியே ஜிஎன்யூ அடைவுக்குள் ஒதுக்கி வைத்திருந்தார்கள். ஆகவே நெட்பிஎஸ்டியின் ஈசா டிரைவரை முதன்மையாகக் கொண்டு, லினக்ஸ் டிரைவரை ஐயம் தீர்க்க மட்டும் பாருங்கள். எந்த உண்மையை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே வாருங்கள். பின்னாளில் யாராவது கேட்டால் அந்தக் குறிப்பேடே விடை சொல்லும்.

உண்மையில் எனக்கு அதைவிடக் கவலை தருவது டிஎஸ்பி நிரல் துண்டுகள்தான். அவை வெறும் எண் வரிசைகள். ஆதார நிரல் யாரிடமும் இல்லை. லினக்ஸில் முதலில் டிரைவரின் உள்ளேயே எண் பட்டியலாக இருந்தவற்றைப் பின்னர் இரண்டு தனி ஃபர்ம்வேர் (சில்லுக்குள் ஏற்றும் நிரல்) கோப்புகளாகப் பிரித்துவிட்டார்கள். நீங்களும் அவற்றை உங்கள் கெர்னல் களஞ்சியத்தில் சேர்க்காமல், வட்டிலிருந்து படிக்கும் தனிக் கோப்பாக வைத்துவிடுங்கள். கோப்பு இல்லாவிட்டால் டிரைவர் பணிவாகச் செய்தி சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளட்டும்.

---

பழம்பெட்டி எழுதியது:

மூவருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. நேற்றிரவு நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் பற்றாசு சொன்ன பீப் சோதனை. லினக்ஸில் கேட்டது, என் கெர்னலில் கேட்கவில்லை. அந்த ஒரு நிமிடத்தில் மூன்று வாரக் குழப்பம் கலைந்தது. அடுத்து இரண்டு இடத்திலும் ஜிபிஐஓ வாசல்களைப் படித்து ஒப்பிட்டேன். லினக்ஸில் 3-ஆம் முள் வெளிப்பக்கமாகவும் தாழ்ந்தும் இருந்தது. என் கெர்னலில் அது உள்பக்கமாகவும் உயர்ந்தும் இருந்தது. நான் 8-ஆம் முள்ளைத்தான் விடாமல் எழுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன். அந்த முள்ளின் மறுமுனையில் என்ன இருக்கிறதோ, அது இத்தனை நாள் விழித்திருந்திருக்கும். அட்டவணையைப் பார்த்தீர்களா என்று கெர்னல்கிறுக்கன் கேட்டதற்கு உண்மையான விடை: பார்த்தேன், ஏதோ பழைய கணினிகளின் பட்டியல் என்று தாண்டிப் போய்விட்டேன். என் கையில் இருப்பதும் பழைய கணினிதான் என்பது அப்போது உறைக்கவில்லை.

முள்ளை மாற்றியதும் பீப் வந்தது. காத்திருப்பை 50, 800 ஆக்கியதும் கோடெக் இருபது முறை துவக்கியும் இருபது முறையும் எழுந்தது.

ஆனால் பாட்டைப் போட்டால் பாட்டு வரவில்லை. கடும் இரைச்சல் வருகிறது, நடுநடுவே அமைதி, மீண்டும் இரைச்சல். ஒழுங்கான இடைவெளியில் அதே இரைச்சல் திரும்பி வருவதால் பஃபர் சுற்றுகிறது என்று தெரிகிறது. நடப்பு முகவரியும் நகர்கிறது. ஆனால் என் பஃபரில் நான் எழுதியது வெறும் சைன் அலை. பஃபரை முழுவதும் சுழியால் நிரப்பினாலும் அதே இரைச்சல் வருகிறது! அப்படியென்றால் சில்லு என் பஃபரைப் படிக்கவே இல்லை என்றுதானே பொருள்? பஃபரின் முகவரி என் பதிவேட்டில் 1எஃப்டி00000 என்று இருக்கிறது.

---

கெர்னல்கிறுக்கன் எழுதியது:

சுழியால் நிரப்பிப் பார்த்தது அருமையான சோதனை. விடையையும் நீங்களே எழுதிவிட்டீர்கள். அந்த முகவரியை எண்ணிப் பாருங்கள்: 500 எம்பிக்கும் மேலே இருக்கிறது. அலெக்ரோ பிசிஐ பாட்டையில் தானாகப் படிக்கும்போது 28 பிட் முகவரி மட்டுமே போடும். அதாவது 26,84,35,456 பைட்டுகள், 256 எம்பி. மேலே உள்ள பிட்டுகள் உதிர்ந்துவிடும். 1எஃப்டி00000 என்று நீங்கள் சொன்னது அதற்கு 0எஃப்டி00000 என்று கேட்டிருக்கும். அங்கே உங்கள் கெர்னல் என்ன வைத்திருந்ததோ அதைத்தான் நேற்றிரவு கேட்டீர்கள்.

உங்கள் பக்க ஒதுக்கி (நினைவகத்தைப் பங்கிட்டுத் தரும் கெர்னல் பகுதி) நினைவகத்தின் உச்சியிலிருந்து இறங்கி வருவது போலிருக்கிறது. ஐசிஎச் 32 பிட் முகவரி போடுவதால் அங்கே இது தெரியாது. இந்தக் கணினியில் 256 எம்பி மட்டும் இருந்திருந்தாலும் வாழ்நாள் முழுவதும் தெரிந்திருக்காது. நினைவகத்தைக் கூட்டிய ஒருவரிடமிருந்துதான் புகார் வந்திருக்கும். ஒதுக்கியில், இந்த எல்லைக்குக் கீழே தொடர்ச்சியான பக்கங்கள் வேண்டும் என்று கேட்க ஒரு வழி செய்யுங்கள். இந்த டிரைவருக்கு மட்டும் என்று ஒட்டுப்போடாமல் எல்லையை ஓர் அளபுருவாகவே வைத்துவிடுங்கள். முந்தைய தலைமுறை மேஸ்ட்ரோ 2 சில்லுக்கும் இதே 28 பிட் எல்லைதான். பிசிஐக்கு முந்தைய ஐஎஸ்ஏ பாட்டைக் காலத்துச் சவுண்ட் பிளாஸ்டர் ஒலி அட்டைகள் பக்கம் என்றாவது போனால் எல்லை 16 எம்பி. அங்கே 64 கேபி வரம்பைத் தாண்டக்கூடாது என்ற நிபந்தனையும் சேர்ந்துகொள்ளும்.

இடம் கிடைக்கவில்லை என்றால் டிரைவர் துவங்க மறுக்க வேண்டும். எப்படியாவது ஓடட்டும் என்று விட்டால் இன்னொருவர் இதே இரைச்சலோடு இங்கே வருவார்.

---

பழம்பெட்டி எழுதியது:

பஃபரை 16 எம்பிக்கும் 256 எம்பிக்கும் நடுவில் வைத்தேன். சைன் அலை வந்தது; பின்னர் பாட்டும் வந்தது. வீட்டில் எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்ததால் ஹெட்போனில்தான் கேட்டேன். நூலகர் சொன்னபடி நிரல் துண்டுகளைக் களஞ்சியத்திலிருந்து எடுத்துவிட்டேன். இன்னும் யாரும் படியெடுக்காத களஞ்சியம் என்பதால் பழைய வரலாற்றிலிருந்தும் நீக்கிவிட்டேன். முள் எண்ணுக்குத் துணை அடையாளத்தைக் கொண்டு தேடும் அட்டவணை ஒன்றை வைத்திருக்கிறேன். இப்போதைக்கு அதில் ஒரே வரி.

கடைசியாக ஒரு சிறு கேள்வி. விசைப்பலகைக்கு மேலே ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் ஊமையாக்கவும் மூன்று பொத்தான்கள் இருக்கின்றன. அழுத்தினால் இன்டரப்ட் வருகிறது. ஆனால் ஊமைப் பொத்தானை அழுத்தும்போது ரெஜிஸ்டரில் எந்த மாற்றமும் தெரியவில்லை. அந்தப் பொத்தான் பழுதா?

---

கெர்னல்கிறுக்கன் எழுதியது:

பழுது அல்ல, அதன் இயல்பே அப்படித்தான். அந்தப் பொத்தான்கள் சில்லுக்குள் இருக்கும் இரண்டு சிறிய எண்ணிகளைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும். இரண்டும் 1சி முதல் 1எஃப் வரையுள்ள வாசல்களில் ஒரே பைட்டில் அருகருகே தெரியும். ஒவ்வொரு இன்டரப்டிலும் அதைப் படித்துவிட்டு, மீண்டும் நடுநிலையான 88-ஐ எழுதிவிட வேண்டும். ஈஈ என்ற மறைப்போடு படித்தால், ஒருமுறை கூட்டியதற்கு ஏஏ வரும், குறைத்ததற்கு 66 வரும். இன்டரப்ட் வந்தும் எண் 88-ஆகவே இருந்தால், அதுதான் ஊமைப் பொத்தான். பலர் தம் கணினிகளில் அழுத்திப் பார்த்துச் சொன்னதை வைத்தே இந்த முடிவுக்கு வந்ததாக லினக்ஸ் டிரைவரின் குறிப்பிலும் எழுதியிருக்கிறார்கள். நீங்களும் அழுத்திப் பார்த்துவிட்டீர்கள். உங்கள் டிரைவரிலும் அதே குறிப்பை உங்கள் சொற்களில் எழுதி வையுங்கள், இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து மாற்றமில்லாத இன்டரப்டைப் பிழை என்று எண்ணி நீங்களே நீக்கிவிடுவீர்கள்.